கொள்ளு ரோட்டில் அப்பாவின் வண்டி

அப்பாவின் பத்தாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, கல்லறை மந்திரிப்பும் முடிந்து, இந்த நினைவு மலர்ப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பந்திக்குக் காத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் அன்பு வணக்கம். என் தம்பி என்னைவிட நன்றாக எழுதுவான். ஆனால் அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவனுக்கு அழுகை வந்துவிடுகிறது. எனக்கு அழுகையைவிடப் பெருமைதான் முந்திக்கொண்டு வரும். அதனால் இந்தப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. கொஞ்சம் கூடுதலாகவே பெருமை பேசுவேன். பசியோடு இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது இண்டூருக்கும் பென்னாகரத்துக்கும் நடுவில், இன்று நாம் கூடியிருக்கும் இதே ஊரில்தான். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கேழ்வரகு, ஏமாற்றினால் கொள்ளு. பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே தகப்பனாரை இழந்ததால் அப்பாவின் படிப்பு அத்தோடு நின்றது. வீட்டில் மாடு இல்லை. காய்ந்த கொள்ளுச் செடியை அப்பாவும் அவருடைய தாயாரும் தடியால் அடித்தே உதிர்ப்பார்களாம். இரண்டு பேருக்கும் உள்ளங்கை கொப்புளித்துவிடும். "கொள்ளு அடிச்ச கைக்கு ஸ்டேரிங் பஞ்சு மாதிரி" என்று பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார். லாரியில் கிளீனராகப் போய், வண்டி கற்று, லைசென்ஸ் எடுத்து, அரசுப் பேருந்தில் ஓட்டுநர் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவைக் கைப்பிடித்துத் தருமபுரியில் வாடகை வீட்டில் குடியேறினார்.

எண்பதுகளில் அப்பா ஓட்டியது தருமபுரி - ஒகேனக்கல் வண்டி. காலையில் எஞ்சினைத் தட்டும் முன் சிலுவை போட்டுக்கொள்வார். உடன் வந்த கண்டக்டரை நாங்கள் சித்தப்பா என்றே அழைப்போம். அவர் வெள்ளிக்கிழமைதோறும் வண்டிக்குச் சூடம் காட்டுவார். அது அணையும் வரை அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். எங்கள் வண்டிக்கு இரண்டு பக்கமும் பாதுகாப்பு உண்டு என்று சித்தப்பா பயணிகளிடம் சொல்வார். போகும்போது சுற்றுலாக்காரர்கள் கூட்டம், வரும்போது மீன் வாசனை. இதற்கு நடுவில் யாராவது "வேகமாத்தான் ஓட்டேன் டிரைவரே" என்று கத்தினால் அப்பா திரும்பாமலே பதில் சொல்வார்.

"வேகமாப் போனா அஞ்சு நிமிசம் மிச்சமாவும். அந்த அஞ்சு நிமிசத்துல நீ என்ன கலெக்டராவா ஆவப்போற? குந்துப்பா."

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்திருக்கும் சம்பந்தி வீட்டாருக்காகச் சொல்கிறேன். அறுவடைக் காலத்தில் கொள்ளு, கேழ்வரகு, துவரை எல்லாவற்றையும் இங்கே தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறிஏறி மணி உதிர்ந்துவிடும். பல ஓட்டுநர்களுக்கு இது பிடிக்காது. திட்டிக்கொண்டே ஓரமாக ஒடித்துப் போவார்கள். எங்கள் அப்பா மட்டும் தூரத்திலேயே இரண்டு ஹாரன் அடித்து, வேகத்தைக் குறைத்து, நட்டநடுவில் நிதானமாக ஏற்றுவார். திரும்பி வரும்போது அவர்கள் செடியைப் புரட்டிப் போட்டிருப்பார்கள். மறுபடியும் ஏற்றுவார். மாடில்லாத வீட்டின் வலி அவருக்குத் தெரியும். அப்பாவின் வண்டி வரும் நேரம் பார்த்தே சிலர் கொள்ளைப் பரப்பினார்கள் என்றால் நம்புவீர்களா? அதுதான் உண்மை.

அவர்களில் ஒருவர்தான் மாதம்மாள். கணவரை இழந்தவர். இண்டூர் தாண்டி வரும் வளைவில் ரோட்டை ஒட்டி அவருக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு இருந்தது. "ஏத்துண்ணா, நல்லா ஏத்து" என்று ஓரத்தில் நின்று கையாட்டுவார். அப்பாவுக்கும் அவருக்கும் அதற்கு மேல் பழக்கம் கிடையாது.

ஒரு மாசி மாதத்தில், எண்பதுகளின் நடுவில், அந்த வளைவில்தான் அது நடந்தது. வண்டியின் அடியில் சுழலும் தண்டில் கொள்ளுக்கொடி சுற்றிக்கொண்டது. சைலன்சர் சூட்டில் பற்றிப் புகை கிளம்பிவிட்டது. அப்பா வண்டியை நிறுத்தி, பயணிகள் அனைவரையும் இறக்கிவிட்டுக் கடைசியாக இறங்கினார். சித்தப்பா மண்ணை வாரி வீசினார். மாதம்மாள் குடத்தோடு ஓடிவந்து தண்ணீரை ஊற்றினார். கடவுள் கிருபையால் ஒருவருக்கும் சிறு காயம்கூட இல்லை. ஆனால் வண்டியின் அடிப்பாகம் கருகிவிட்டது. அதை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

விசாரணையில் நடந்ததைச் சித்தப்பா எங்களுக்குப் பலமுறை நடித்தே காட்டியிருக்கிறார். கொள்ளைப் பரப்பியவர் யார் என்று அப்பா சொல்லிவிட்டால் போதும். அந்த ஆள் மீது வழக்கு, அப்பா மீது ஒன்றும் இல்லை. டெப்போ மேலாளர் அதைத் தெளிவாகவே எடுத்துச் சொன்னாராம்.

"யாருதுன்னு தெரியாதாய்யா?"

"தெரியுமுங்க."

"அப்ப சொல்லு."

"சொல்ல மாட்டனுங்க. பரப்புனது அவுங்க, ஏத்துனது நானு. கண்ணு தெரியாம ஏத்தலீங்க, பாத்துதான் ஏத்துனேன். ஓரமா ஒடிச்சுப் போறதுக்கு எடம் இருந்துச்சு. தப்பு என்னுதுங்க."

அன்றே அப்பாவைச் சஸ்பெண்ட் செய்தார்கள். வேலையே போய்விடும் என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நாங்கள் பள்ளியில் படிக்கும் மூன்று பிள்ளைகள். உறவினர் ஒருவர் வீட்டுக்கே வந்து, "யாரோ ஒரு பொம்பளைக்காவ வேலைய வுட்டுட்டு நிக்கறியே, அது உனுக்கு ஒறவா மொறையா?" என்று கேட்டார். அப்பா அவருக்குக் காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். லாரி ஷெட்டுக்குப் போய், ஆள் வராத வண்டிகளை ஓட்டிக் கிடைத்ததைக் கொண்டுவந்தார். தெருவில் தலை குனிந்து நடந்து ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

செய்தி கேள்விப்பட்டு மாதம்மாள் எங்கள் வீடு தேடி வந்தார். கையில் ஒரு பை நிறையக் கொள்ளு. தானே போய் உண்மையைச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அப்பா தடுத்தார்.

"நீ போயி சொன்னா உன்மேல கேசு போடுவாங்கம்மா. எனுக்கு வேல போனா லாரி இருக்குது. கோர்ட்டு, வக்கீலுன்னு அலைஞ்சா உனுக்குக் காடே போயிரும். பேசாம வூட்டுக்குப் போ."

"செரிங்கண்ணா" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அம்மா இரண்டு நாள் அப்பாவிடம் பேசவில்லை. அப்போது தவக்காலம் வேறு. அந்தக் கொள்ளை வறுத்து வேகவைத்துக் கடைந்து தட்டில் வைத்து, "இந்த மாசச் சம்பளம் வந்திருக்குது, சாப்புடுங்க" என்று நீட்டினார். அப்பா ரசித்துச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார். அம்மாவுக்குக் கோபத்தை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் சண்டைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

மாதம்மாள் தலையை ஆட்டினாரே தவிர, நேராக டெப்போவுக்குத்தான் போயிருக்கிறார். வாசலில் நிறுத்தியும் கேட்காமல் மேலாளர் அறைக்குள் நுழைந்துவிட்டாராம்.

"கொள்ளு என்னுதுங்க. அந்த அண்ணன ஏத்தச் சொன்னதும் நாந்தானுங்க. கேசு போடறதுன்னா எம்மேல போடுங்க."

மேலாளர் கோபத்தோடு, "ஏம்மா, ஊர்ல களம் இல்லியா? ரோடுதான் கெடச்சுதா?" என்று கேட்டிருக்கிறார்.

"களம் இருக்குதுங்க. அது நாலு பேரு வூட்டுக் களமுங்க. எங்களயெல்லாம் அதுல வுடமாட்டாங்க. இந்த ரோட்டுலதான் யாரும் எங்களப் போவச் சொல்றதில்லீங்க."

மேலாளர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாராம். அவர் மேலிடத்துக்கு என்ன எழுதினார் என்பது எங்களுக்குத் தெரியாது. மாதம்மாள் மீது வழக்கு வரவில்லை. ஈஸ்டர் கழிந்து அப்பாவை மீண்டும் வேலைக்கு அழைத்தார்கள். சம்பள உயர்வை நிறுத்திவைத்து, எச்சரிக்கையும் கொடுத்து, அதே ஒகேனக்கல் வண்டியைக் கையில் கொடுத்தார்கள். வேறு ரோட்டுக்கு மாற்றி என்ன பயன்? அரூர் பக்கம் போட்டாலும் அங்கேயும் கொள்ளுதான்!

எச்சரிக்கைக்குப் பிறகு அப்பா திருந்திவிட்டாரா என்றால், திருந்தினார். ஓய்வுபெறும் வரை தன் இருக்கைக்கு அடியில் ஒரு பழைய அரிவாளை வைத்திருந்தார். ரோட்டில் செடி பரப்பியிருந்தால் அதைத் தாண்டியதும் வண்டியை நிறுத்துவார். இறங்கிக் குனிந்து, அடியில் சுற்றியிருக்கும் கொடியை அறுத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார். பயணிகள் முணுமுணுப்பார்கள். அவர்களுக்கும் அந்தக் கலெக்டர் பதில்தான். தீக்குப் பயந்தாரே தவிர, கொள்ளின் மேல் ஏற்றுவதை அவர் விடவில்லை. இதைச் சரி என்று சட்டம் சொல்லாது. மகள் சொல்கிறேன்.

மாதம்மாள் அன்றிலிருந்து எங்களுக்கு அத்தை. என் திருமணத்தில் தாய்மாமன் சீருக்குப் பக்கத்திலேயே அத்தை கொண்டுவந்த ஒரு மூட்டை கொள்ளும் இருந்ததை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். மணமகனுக்குக் குதிரையும் சீராக வருகிறதா என்று என் கணவர் வீட்டார் கேலி செய்தார்கள். அப்பா அந்த மூட்டையைத்தான் முதலில் எடுத்து வைக்கச் சொன்னார்.

அப்பாவின் கடைசி நாட்கள் தருமபுரி மருத்துவமனையில் கழிந்தன. படுக்கையில் கிடந்தபோதும் வலது கால் பிரேக்கைத் தேடும். இரவு பகல் பாராமல் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், நோயில் பூசுதல் கொடுத்த பங்குத் தந்தைக்கும், சூடம் ஏற்றிய அதே கையால் அப்பாவின் பெட்டியைத் தாங்கி வந்த கண்டக்டர் சித்தப்பாவுக்கும், அம்மாவைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும், இன்று பந்திக்குச் சமைத்துக்கொண்டிருக்கும் உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைசி நன்றி ஒன்று பாக்கி இருக்கிறது. சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில்தான் தன்னை வைக்க வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். அதனால் தருமபுரியிலிருந்து அவர் ஓட்டிய அதே ரோட்டில்தான் அவரைக் கொண்டுவந்தோம். அதுவும் ஒரு மாசி மாதம். முந்தின நாள் ஊரிலிருந்து இதே வழியாக மருத்துவமனைக்கு வந்த என் தம்பி, ரோடு முழுக்கக் கொள்ளு பரப்பியிருந்ததைப் பார்த்திருக்கிறான். ஆனால் நாங்கள் வந்தபோது இண்டூர் தாண்டி ஒரு செடி இல்லை. அத்தனையையும் அள்ளி ஓரத்தில் குவித்துவிட்டு, ரோட்டைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். குவியல்களுக்குப் பக்கத்தில் ஆட்கள் கைகட்டி நின்றார்கள். அந்த வளைவில், அப்பாவின் பெட்டிக்குப் பின்னால் வந்த எங்கள் வண்டியை மட்டும் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். மாதம்மாள் அத்தை கையில் விளக்குமாறோடு நின்றிருந்தார்.

"ஏன் அத்தை, அப்பாவுக்குக் கொள்ளு மேல வந்தாத்தானே புடிக்கும்?" என்று கேட்டேன்.

"எத்தன வருசம் எங்களுக்காவ மெதுவா வந்தாரு சாமி. இன்னிக்கி ஒரு நாளாச்சும் எங்கண்ணன் எங்கியும் நிக்காம போவட்டும்."