பாரச் சோதனைக்கு முந்தின நாள்

தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில், எங்கள் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர்தான். பால்மாத் தகரங்களில் சீமெந்து நிரப்பி, இரும்புக் குழாயின் இரண்டு முனையிலும் பொருத்தி, பின்னேரங்களில் தூக்குவேன். கீழே வைக்கிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு மாமா சுவரைத் தட்டுவார்.

"டேய், லயத்த இடிச்சுப் போட்டுட்டுத்தான் ஓய்வியா?"

"காதுல பஞ்ச வச்சிக்கிட்டுப் படுங்க மாமா!" நானும் விடமாட்டேன். சொந்தமில்லை, கூப்பிட்டுப் பழகிய மாமா.

கொழும்பில் ஒரு கம்பெனி பாரம் தூக்கும் அணி வைத்திருந்தது. இடம் கிடைத்தால் வேலை, தங்க இடம் எல்லாம் உண்டு. ஆள் எடுக்க ஹட்டனுக்கு வந்தார்கள். கொழுந்துக் கூடையில் அம்மாவின் முதுகு வளைந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு அந்த வேலை வேண்டும், வேண்டவே வேண்டும்.

பெஞ்சில் மல்லாந்து படுத்து, பாரம் கோத்த இரும்புத் தண்டை நெஞ்சிலிருந்து மேலே தள்ள வேண்டும். தண்டில் கட்டிய கயிற்றின் மறுமுனையில் ஒரு சின்னப் பெட்டி. தண்டு எவ்வளவு வேகமாக எழும்பியது என்று அது ஃபோனுக்குச் சொல்லிவிடும். பாரம் மட்டும் போதாது, வேகமும் வேண்டும். ஒத்திகையில் என் வேகத்தைப் பார்த்து, அணியைப் பழக்குகிற சிங்கள மாஸ்டர் சந்தோஷமாகச் சிரித்தார். "முந்தின நாள் ஒன்னும் தூக்க வேணாம் மல்லி. தண்ணி வாளி கூட வேணாம்." தம்பியைத்தான் அப்படிச் சொன்னார்.

சோதனைக்கு இரண்டு நாள் இருக்கையில் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், எழும்பவில்லை. அடக்கம் மறுநாள் என்றார்கள். அதாவது, சோதனைக்கு முந்தின நாள்.

இளவட்டங்கள் எல்லாம் கொழும்புக் கடைகளில். லயத்தில் மிஞ்சியது கிழடுகளும் நானும். அடக்கத்தன்று காலையில் தோட்டத் தலைவர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, பெட்டி தூக்க நீ முன்னுக்கு நில்லு."

"நாளைக்கு எனக்குச் சோதனை இருக்குங்க தலைவரே."

"காம்பராவுக்கு ஒரு தோள் குடுக்கணும்ல? ஒன் வீட்டுல வேற யாரு இருக்கா?"

அம்மா தலை குனிந்துகொண்டார். அப்பா இல்லாத வீடு. நான் போனேன்.

மயானத்துப் பாதை தேயிலைக்குள் செங்குத்தாக இறங்கும். பெட்டி சாயக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பின்னால் வருகிறவர்கள் மேட்டில் நிற்பதால், முன்னால் இருப்பவன் இரண்டு கைகளையும் உயர்த்திப் பெட்டியை ஏந்தினால்தான் மட்டமாக வரும். மழை வேறு. "மெதுவா, மெதுவா" என்று தலைவர் சொல்லிக்கொண்டே வந்தார். தோளை மாற்ற ஆளில்லை. குழிவரை அப்படியே ஏந்திக்கொண்டு போனேன்.

மறுநாள் ஹட்டனில் தண்டு எழும்பாமல் இல்லை, எழும்பியது. ஊர்ந்து ஊர்ந்து எழும்பியது. கைகள் என்னுடையவையே இல்லை.

மாஸ்டர் ஃபோனைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "பாரம் சரி. வேகம் இல்ல தானே. நேத்து என்ன செஞ்சது?"

"பக்கத்து வீட்டுல கேதம், சேர். பெட்டி தூக்கினேன்."

"அனே மல்லி," என்று பரிதாபப்பட்டார் அவர். நாளைக்கு வரட்டுமா என்று கேட்டேன். அன்று பின்னேரமே கொழும்புக்குக் கிளம்புகிறார்களாம். அடுத்த பையனைக் கூப்பிட்டார்கள்.

பஸ்ஸில் வரும்போது செத்தவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம். இந்த மனுஷன் இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பக்கத்து வாசலில் மாமாவின் மனைவி, அத்தை, உட்கார்ந்திருந்தார். அழுது அழுது குரல் போயிருந்தது.

"வேல கெடச்சிருச்சா தம்பி?"

"இன்னும் சொல்லல அத்தை."

"கெடைக்கும். ஆடாம அசையாம, தூங்குற மாதிரி அவர எறக்கிட்டுப் போனியே. அந்தப் புண்ணியத்துக்குக் கெடைக்கும்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "இனிமே நீ எவ்வளவு சத்தமா வேணும்னாலும் தூக்குய்யா. வைய ஆளில்ல."

உள்ளே போய்க் குழாயைத் தூக்கினேன். நெஞ்சுவரை வந்தது. கீழே வைக்கும்போது, சத்தம் வராமல் வைத்தேன்.