மழை இல்லை என்று எழுதிய மனு

எண்பதுகளின் தொடக்கத்தில் தாலுகா அலுவலக ரெக்கார்டு ரூமில் பழைய காகிதக் கட்டு எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. கட்டின் மேல் எழுதிய தலைப்பையும் வருடத்தையும் படிக்க அது போதும்.

சென்னையிலிருந்து ஆராய்ச்சி மாணவி ஒருவர் வந்தார். ஆம்பூர்ப் பக்கத்துக் கிணறுகள் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவால் எப்போது கெட்டன என்று அவர் எழுத வேண்டும். ஊரார் வாயால் சொன்னது மட்டும் போதாது, காகிதம் வேண்டும் என்று அவருடைய பேராசிரியர் சொல்லிவிட்டாராம். கிடைக்காவிட்டால் அந்த அத்தியாயமே கிடையாது.

முதல் நாள் ‘தோல்’ என்று தலைப்பிட்ட கட்டுகளைக் கேட்டார். மறுநாள் ‘குடிநீர்’. அப்புறம் ‘கிணறு’. எல்லாவற்றிலும் லைசென்சும் கடன் விண்ணப்பமும்தான்.

“இன்னாமா, இன்னிக்கு எந்தக் கட்டுக்குத் தூசி தட்டப்போறே?” என்று கிளார்க் கேலி செய்தார்.

எங்கே தேட வேண்டும் என்று எனக்குத் தெரியும். கூச்சத்தால் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரணம் அது மட்டுமல்ல.

நான்காம் நாள் அந்த மாணவி ஊருக்குக் கிளம்ப இருந்தபோது, கேட்காத ஒரு கட்டைக் கொண்டுபோய் வைத்தேன். நிலவரித் தள்ளுபடி மனுக்கள். தண்ணீர் கெட்டு விளைச்சல் போனால் விவசாயி முதலில் அதைத்தான் கேட்பான்.

எழுபதுகளில் ஆம்பூர்ப் பக்கத்து எங்கள் ஊர் கொடுத்த மனு அதில் இருந்தது. படித்ததும் அவர் முகம் வாடியது.

“மழை இல்லாம பயிர் போச்சுன்னுதான் இருக்கு அண்ணா.”

“அது பொய்ம்மா.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கீழே மூன்றாவது கையெழுத்தைக் காட்டினேன். “இது என்னுது.”

அப்போது நான் எங்கள் ஊர்த் தோல் ஷாப்பில் வேலை செய்தேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் அங்கேதான். கழிவு என்று எழுதினால் மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தோம். அப்பா மட்டும் உள்ளதை எழுதச் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. அந்த மனுவில் அவர் கையெழுத்து இல்லை.

இவ்வளவையும் தலை நிமிராமல் சொல்லிவிட்டு, மழை அளவுப் பதிவேட்டை எடுத்து வந்தேன். அந்த வருடம் மழைக்குக் குறைவே இல்லை. மாணவி இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, நான் சொன்னதையும் எழுதலாமா என்று கேட்டார். பெயர் மட்டும் வேண்டாம் என்றேன்.

எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். மனுவில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் சொன்னது என்று இருந்தது.

“இன்னொண்ணும் சேத்துக்கம்மா,” என்றேன். “மழை இல்லன்னு போடச் சொன்னதே இதைச் சொன்ன ஆள்தான்.”