நல்ல கண்ணில் ஒரு துணுக்கு

என் கணவர் வாலிபத்திலிருந்து பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் மருந்து அறையில் நின்றவர். உடம்பில் ஒரு பொட்டுத் தீக்காயம் கிடையாது. அவர் காலையில் நாரணாபுரத்தில் இருக்கும் கம்பெனிக்குக் கிளம்பினால், சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும் வரை எனக்குச் சோறு இறங்காது. எங்காவது டமார் என்று கேட்டால் எந்தத் திசை என்று பார்க்க வாசலுக்கு ஓடுவேன். அப்படி நான் பயந்து பயந்து காத்த கண்ணை, வேலையை விட்டு நின்ற பிறகு, சொந்த வீட்டில், சுண்ணாம்புக்குக் கொடுத்தார்.

கிறிஸ்துமஸ் வருகிறது, காம்பவுண்டுச் சுவருக்கு நானே வெள்ளை அடிக்கிறேன் என்று நின்றார். கடையில் பெயிண்டு இருக்கிறது, அடிக்க ஆள் இருக்கிறது. சொன்னால் கேட்டால்தானே. பாதிச் சுவர் அடித்ததும் கரைத்தது தீர்ந்துபோக, மறுபடியும் சுண்ணாம்புக் கல்லை வாளியில் போட்டுத் தண்ணீர் விட்டார். அது கொதித்துப் பொங்கும்போது தள்ளி நிற்க வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவர் குனிந்து பார்த்தார். தெறித்தது இடது கண்ணில் விழுந்தது.

நான் குடத்தோடு ஓடினேன். கண்ணைப் பொத்திக்கொண்டு கத்துகிறார்: "ஏ, தண்ணி ஊத்தாத! தண்ணி படக் கூடாது!"

எங்கள் பக்கத்தில் அலுமினியத் தூள் பற்றிக்கொண்டால் மணலைத்தான் வாரிப் போடுவார்கள். தண்ணீர் பட்டால் விபரீதம். மருந்து அறையில் வாலிபம் முழுக்க மண்டையில் ஏறிய பாடம் அது. கம்பெனியில் எத்தனையோ உயிரைக் காத்த பாடம், வீட்டில் கண்ணைத் தின்றது. துண்டால் துடைத்துக்கொண்டே ஆட்டோவில் வந்தார். ஆஸ்பத்திரியில் முதல் வேலையாகப் பாட்டில் பாட்டிலாக உப்புத் தண்ணீரைக் கண்ணில் ஊற்றினார்கள். "ஏக்கா, வீட்டுல தண்ணியே இல்லையா?" என்று நர்ஸ் என்னைத்தான் திட்டினாள்.

வலி போனது. பார்வை வரவில்லை. கருவிழிமேல் வெள்ளையாக ஒரு படலம், அதில் சிவப்பு நரம்பு ஓடியது. மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் எட்டாம் வகுப்போடு நின்று அச்சாபீஸில் காலண்டர் தலையில் தகரப் பட்டை அடிக்கிற வேலைக்குப் போனவள். ஸ்டெம் செல் என்று அங்கே இருந்த டாக்டரம்மா சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டு, எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்றேன்.

"கருவிழியோட ஓரத்துல வெத மாதிரி சில செல்லு இருக்கும்மா. மேல் தோல் தேயத் தேய, அதுதான் புதுசா வளர வைக்கும். இவருக்கு அந்த ஓரம் முழுக்க வெந்துபோச்சு. நல்ல கண்ணோட ஓரத்துல இருந்து ஒரு துணுக்கு எடுத்து இங்க வச்சா, பிடிச்சு வளர வாய்ப்பு இருக்கு."

"நல்ல கண்ணுலயா?" என்று இவர் எழுந்தே விட்டார்.

பஸ்ஸில் விருதுநகர் வந்துவிட்டோம். அப்புறம் சொன்னார்: "ஒரு ரூம் எரிஞ்சா அடுத்த ரூமுக்குப் போகக் கூடாதுன்னுதான் கம்பெனில தள்ளித் தள்ளிக் கட்டுறாக. இந்தம்மா எரிஞ்ச ரூமுக்காக நல்ல ரூமைத் தொறக்கச் சொல்லுது."

கண் என்ன பட்டாசு ரூமா? நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இது போதாதென்று அவருடைய அண்ணன் வந்தார். சபையில் மூப்பர். "ஸ்டெம் செல்லுன்னா கருவுல உள்ள பிள்ளைய அழிச்சு எடுக்கிறது. அது பாவம்லா?"

"பெரியத்தான், அவுக கண்ணுல எடுத்து அவுக கண்ணுல வைக்கப் போறாக. இதுல எந்தப் பிள்ளை?"

"எல்லாம் இப்பிடித்தான் ஆரம்பிக்கும்."

கருவிலிருந்து எடுக்கிற ஆராய்ச்சியும் உண்டாம். உருவாகிச் சில நாளே ஆன கருவை உயிர் என்று சொல்வதா வேண்டாமா என்று படித்தவர்களே அடித்துக்கொள்கிறார்களாம். பெரியத்தான் கேட்டது தப்பான கேள்வி இல்லை. ஆனால் அது இந்தக் கண்ணுக்கான கேள்வி இல்லையே. அதை அவருக்குப் புரியவைப்பதற்குள் இரண்டு தடவை காப்பி போட்டேன்.

அடுத்தது என் கணவரே ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். டவுனில் புதிதாக ஒரு கிளினிக். போர்டில் மூட்டுவலி, சர்க்கரை, பக்கவாதம், கண் எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் என்று எழுதியிருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தா என்று போர்டை இன்னொரு தடவை படித்தேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே உட்காரச் சொன்னார்.

"நல்ல கண்ணத் தொடவே வேண்டாம் அண்ணாச்சி. தொப்புள்கொடியில எடுத்த செல்லு. கையில ஒரே ஊசி."

இவர் முகம் மலர்ந்துபோயிற்று.

"கையில போட்டது கண்ணுக்கு எப்பிடிப் போகும்?" என்றேன்.

"அதுக்கு வழி தெரியும்மா."

"யாரு பிள்ளையோட தொப்புள்கொடி?"

"அதெல்லாம் கம்பெனில இருந்து வரும்."

"அந்தத் தாய்கிட்டக் கேட்டாகளா?"

"தூக்கிப் போடுறதுதானம்மா, யாரைக் கேக்கணும்?"

எனக்கு என் இரண்டு பிரசவமும் ஞாபகம் வந்தது. என் கொடி எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்," என்று வீடு வரும் வரை முனகினார்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்திலும் சொன்னேன், குளிக்கப் போகும்போதும் சொன்னேன், ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன வாயோடும் சொன்னேன். ஆபரேஷனுக்குச் சரி என்று சொல்லுங்கள், அந்தக் கண் இப்படியே கிடந்தால் நாளைக்கு நல்ல கண்ணுக்கு ஏதாவது என்றால் என்ன செய்வீர்கள்? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார். கடைசியில் சொட்டு மருந்து வாங்க என்று சொல்லி மதுரைக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். எடுக்கிற துணுக்கைப் பொடிப்பொடியாக நறுக்கி, பிரசவத்தில் வருகிற மெல்லிய சவ்வின்மேல் வைத்து ஒட்டுவோம் என்றார்.

உடனே கேட்டேன்: "அந்தத் தாய்கிட்டக் கேட்டீகளா?"

"கேட்டு, கையெழுத்து வாங்கிட்டுத்தான் எடுக்கிறோம்மா. முடியாதுன்னு சொன்னா விட்டுருவோம்."

"நல்ல கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"பெரும்பாலும் ஆகாது. ஆகவே ஆகாதுன்னு சொல்ல மாட்டேன். வச்ச துணுக்கும் சிலருக்குப் பிடிக்காமப் போறது உண்டு."

இருந்தாலும் நான் விடவில்லை. "அவுகளுக்குச் சம்மதந்தான் டாக்டர்," என்றேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா. நான் அவர்கிட்டக் கேக்கணும்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தால் உடம்பெல்லாம் எரிகிறது. இத்தனை மாதம் கண்ணில் சொட்டு மருந்து விட்டவள் நான். தலையணை உறை மாற்றியவள் நான். என்னை வெளியே அனுப்பிவிட்டு என்ன பேச்சு? இவர் முடியாது என்று சொல்லிவிட்டு வரப் போகிறார். வரட்டும், பஸ்ஸிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று கருவிக்கொண்டிருந்தேன்.

நெடுநேரம் கழித்து இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னீக?"

"சரின்னுட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. "இம்புட்டு நாளா நான் தொண்டத் தண்ணி வத்தக் கெஞ்சினேனே! அந்தம்மா ஒரு தடவை கேட்டதும் சரியா?"

"அந்தம்மா கேட்டாக. எனக்கு என்ன பயம்னு கேட்டாக, சொன்னேன். நீ எங்க கேட்ட? நீ சொல்லத்தான செஞ்ச."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. துணுக்கு பிடித்திருக்கிறது என்கிறார்கள். பார்வை எந்த அளவு வரும் என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டுமாம். பொறுப்பது எனக்கு ஆகாத வேலை. காலையில் அவர் முற்றத்தில் நின்று நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொள்கிறார். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுக் கேட்கிறேன்:

"என்ன தெரியுது?"

"வெள்ளையா ஏதோ தெரியுது. பாதிக்கு மேல இல்ல."

"அது காம்பவுண்டுச் சுவரு. நீங்க பாதிதான் அடிச்சீக."