கமிஷன் என்று நினைத்த கிக்பேக்

தாராவியில் எங்கள் பட்டறையில் பைகள் தைக்கிறோம். வெளியாட்களிடம் பேசுவதெல்லாம் என் மனைவி. நான் மிஷினோடு சரி. போன மாதம் தாணேயில் ஒரு கம்பெனி, ஊழியர்களின் பிள்ளைகளுக்காக ஸ்கூல் பை கேட்டிருந்தது. அந்த ஆர்டர் வந்தால்தான் மழைக்காலத்தில் பட்டறை ஓடும். இல்லையென்றால் தைக்க வருகிறவர்களை நிறுத்தவேண்டும். சாம்பிள் காட்டவேண்டிய அன்று பார்த்து அவளுக்குக் காய்ச்சல்.

"ஊமைச்சாமி மாதிரி நிக்காதீங்க. கேட்டா பதில் சொல்லுங்க" என்று என்னை அனுப்பினாள்.

எங்கள் சந்தில் வேலை கொண்டுவருகிறவருக்குக் கமிஷன் உண்டு. அதை எல்லார் முன்னாலும் சொல்லித்தான் விலை பேசுவோம். கம்பெனியில் சாமான் வாங்கும் பொறுப்பில் இருந்தவரும் ஒவ்வொரு பைக்கும் தனக்கு முப்பது ரூபாய் சேர்த்து விலை சொல்லும்படி போனில் கேட்டிருந்தார். எங்களுக்கு அது புதிதாகப் படவில்லை.

தாணேயில் அந்தக் கம்பெனி முதலாளி பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஜிப்பை இழுத்தார். போனில் முப்பது ரூபாய் கேட்டவரும் பக்கத்திலேயே நின்றார்.

"தையல் நல்லா இருக்கு. விலைதான் கூட" என்றார் முதலாளி ஹிந்தியில்.

கேட்டால் பதில் சொல்லவேண்டுமே. "அதுல முப்பது ரூபா இந்த சாருக்குக் கமிஷன், சாப்" என்று கைகாட்டினேன்.

முதலாளி பையை மேஜைமேல் வைத்தார். பிறகு நான் கைகாட்டியவரைப் பார்த்து, "இது கமிஷன் இல்லை, கிக்பேக்" என்றார். என்னிடம், "போன் பண்றேன், போங்க."

ரயிலில் வரும்போதே ஆர்டர் போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டேன்.

"அவரை வச்சிக்கிட்டேவா சொன்னீங்க?" மனைவி போர்வைக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

கல்லூரிக்குப் போகும் மகள் சிரிப்பை அடக்கமுடியாமல் விளக்கினாள். "யப்பா, முதலாளிக்குத் தெரிஞ்சு வாங்கினா கமிஷன். அவரு காசையே விலையில ஏத்தி, அவருக்குத் தெரியாம அவரு ஆளே திரும்ப வாங்கிக்கிட்டா அது கிக்பேக். நியூஸ்ல டெண்டர், காண்ட்ராக்ட்னு வந்தா இந்த வார்த்தையும் கூட வரும்."

"அப்ப நாமளும் அதுல கூட்டா?"

"குடுத்திருந்தா கூட்டுதான்."

அப்போது போன் அடித்தது. தாணே நம்பர். அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டேன்.

"அந்த முப்பதைக் கழிச்சிட்டு வேலையை ஆரம்பிங்க. இனி நேரா என்கிட்ட பேசுங்க" என்றார் முதலாளி.

மனைவிக்குக் காய்ச்சல் எங்கே போனதோ. "இனிமே நீங்களே பேசுங்க சாமி" என்று கும்பிட்டாள்.

செருப்புக்கூட மாட்டாமல் சந்தில் இறங்கினேன். தைக்கிறவர்கள் வீட்டுக் கதவை ஒவ்வொன்றாகத் தட்டி, "நாளைக்கு வேலைக்கு வாங்க" என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.