காலர் வைத்த ரவிக்கை

எங்கள் வீட்டில் முதன்முதலாக ஆபீஸுக்குப் போன பெண் என் சித்தி, அம்மாவின் தங்கை. மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் அப்போது குடியிருந்தோம். எனக்கு எட்டு வயது. சித்தி லஸ் முனை வரை நடந்து போய் டிராம் பிடித்து, கடற்கரைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் பகலெல்லாம் டைப் அடித்துவிட்டு, சாயங்காலம் அதே டிராமில் திரும்புவாள். இதைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருக்கிறது. ஆனால் அவள் எதை உடுத்திக்கொண்டு போவது என்று முடிவாவதற்குள் எங்கள் வீடு பட்ட பாடு அவள் கல்யாணத்துக்குக்கூடப் பட்டிருக்காது.

கல்யாணம் என்று சொன்னேன் அல்லவா, தொல்லையே அதுதான். சித்தப்பா கல்யாணமான மறு வருஷமே ரங்கூனில் வேலை என்று கப்பலேறினார். போன புதிதில் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள், அதெல்லாம் வீண் புரளி என்று வேறு சிலர் சொன்னார்கள். சித்தி எங்களோடு வந்து தங்கினாள். அப்பா தங்கமான மனிதர்தான். இருந்தாலும் விலைவாசியைப் பற்றி அவர் பொதுவாக முணுமுணுத்தாலே சித்தி மறு சாதம் வேண்டாம் என்று எழுந்துவிடுவாள். அதனால்தான் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டாள், அதனால்தான் அந்த வேலை அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

கம்பெனிக்காரர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். கல்யாணமான பெண்களை வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்களாம். அப்பா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. எதற்கும் ஒரு வழி கண்டுபிடிக்கிற பழக்கம் அவருக்கு உண்டு.

"யாரும் பொய் சொல்லச் சொல்லலை. அவா கேட்டா நிஜத்தைச் சொல்லட்டும். கேக்காதபோது நாமளா போய்ச் சொல்வானேன்?" என்றார்.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? கழுத்தைப் பார்த்தா தெரிஞ்சுட்டுப் போறது" என்றாள் அம்மா.

அம்மாவின் கட்சி வேறு. தாலிச் சரடோ மெட்டியோ எதையும் ஒரு நிமிஷம்கூடக் கழற்றக் கூடாது. சித்தப்பா எந்தச் சீமையில் இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். ஆக, அப்பாவின் சட்டப்படி எதுவும் வெளியே தெரியக் கூடாது, அம்மாவின் சாஸ்திரப்படி எதுவும் கழன்றிருக்கக் கூடாது. இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்த சித்தி மூன்றாவதாக ஒன்று சேர்த்தாள்.

"மூடிண்டுதான் போகணும்னா அழகாவாவது மூடிண்டு போறேன்."

முதலில் புடவை. மடிசார் கட்டிக்கொண்டு போனால் கல்யாணமானவள் என்று பத்து கஜ தூரத்திலேயே தெரிந்துவிடும். ஆறு கஜம் என்று தீர்மானமாயிற்று. மாட வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் அம்மாவும் சித்தியும் உட்கார்ந்தார்கள், நடுவில் நான். கடைக்காரர் சரிகையாகவே எடுத்துப் போட்டார். சித்தி ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தாள். வெள்ளையை எடுத்தால் அம்மா அபசகுனம் என்றாள். கறுப்பும் அப்படியே. சிவப்பு நிறம் கல்யாணப் பெண்ணை ஞாபகப்படுத்தும் என்று அம்மாவே ஒதுக்கினாள். வெளிறிய நிறமெல்லாம் கார்பன் தாளின் மசிக்கு ஆகாது என்று சித்தி ஒதுக்கினாள். கடைசியில் நாவல்பழ நிறத்தில் ஒன்று, பாசிப்பச்சையில் ஒன்று, சாம்பலில் மெல்லிய நீலக் கோடு போட்டது ஒன்று என்று மூன்று தேறின. அந்தச் சாம்பல் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக் கண்ணாடியில் சித்தி பார்த்தாள். அவள் எவ்வளவு அழகு என்று நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

மெட்டிக்கு மருந்து ஷூ. விரல்களை மூடுகிற கறுப்புத் தோல் ஷூ. பெண்பிள்ளை செருப்பு மாட்டிக்கொண்டு நடப்பதையே தெரு நின்று வேடிக்கை பார்த்த காலம் அது. அம்மாவே அதற்குச் சம்மதித்தாள் என்றால் அவள் அந்த மெட்டியின் மேல் வைத்திருந்த பக்தியைப் புரிந்துகொள்ளலாம்.

மிச்சம் இருந்தது கழுத்து. அதற்குத்தான் மீர்சாகிப்பேட்டையில் இருந்த தையல்கார பாய் வீட்டுக்குப் போனோம். பெண்களுக்கு அளவெடுப்பது அவர் இல்லை, அவருடைய மனைவி. திரைக்குப் பின்னால் எங்களை உட்கார வைத்து, சித்தி தயங்கித் தயங்கிச் சொன்னதையெல்லாம் அந்த அம்மாள் கேட்டாள். பிறகு மஞ்சள் சரட்டை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இது தெரியக் கூடாது, அவ்ளோதானே? இதுக்கு இன்னாத்துக்கும்மா இம்மா நேரம் சுத்தி வளைச்சு பேசிக்கினு கீற? காலர் வெச்சு குடுக்கறேன். ஆனா மஞ்சாக் கறை வெளிய வரும். உள்ளாற இன்னொரு பட்டை குடுத்து தெச்சாத்தான் நிக்கும்."

அப்படி வந்ததுதான் அந்த ரவிக்கை. கழுத்தை ஒட்டினாற்போல் சின்னக் காலர், தோளில் கொஞ்சம் உப்பினாற்போல் கை, காலர் சேருமிடத்தில் குத்திக்கொள்ள ஒரு வெள்ளி ப்ரோச். சித்தி வேலைக்குச் சேர்ந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மிஸ் என்று கூப்பிட்டார்களாம். அந்தக் கதையை அவள் சொன்னபோது அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அப்புறம் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்கள் சந்துப் பெண்கள் காலர் ரவிக்கையைப் பார்த்துச் சொக்கிப்போனார்கள். பக்கத்து வீட்டில் காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்த பெண், இது பம்பாய்த் தினுசா என்று விசாரித்தாள். சித்தி கொஞ்சமும் அசராமல் ஆமாம் என்றாள். அந்த நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் கழுத்தை மூடிக்கொண்டுதான் வந்தார்கள். பாய் வீட்டில் தையல் மெஷின் ஓயவில்லை என்று கேள்வி. காசுமாலையும் அட்டிகையும் வைத்திருந்தவர்கள்கூட அவற்றைத் துணிக்கு அடியில் புதைத்துக்கொண்டு புழுங்கினார்கள். எதற்காக மூடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் அடம் பிடித்து ஒன்று தைத்துக்கொண்டேன்.

காலையில் புடவை எடுத்துக் கொடுப்பது என் உத்தியோகம். "இன்னிக்கு என்னடி?" என்று சித்தி கேட்பாள். நான் ஒரு பெரிய மனுஷியாக யோசித்துவிட்டு மூன்றில் ஒன்றைக் காட்டுவேன். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையாமல் பக்கவாட்டு வழியாக நேரே கிணற்றடிக்குப் போய்விடுவாள். டிராமில் யார் யார் மேலோ பட்ட துணி என்று அம்மாவுக்கு ஆகாது. ஷூவைக் கழற்றி, காலை அலம்பிக்கொண்டு, ஒன்பது கஜத்துக்கு மாறி, சரடு வெளியே தெரிய உள்ளே வருவாள். எனக்கு இரண்டு சித்திகள் இருப்பதாகவே பட்டது. ஆபீஸ் சித்தியைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒரு நாள் மத்தியானம் சித்தப்பா வந்தார்.

ரங்கூன் வேலையை விட்டுவிட்டாராம். தியாகராய நகரில் புதிதாக வீடு கட்டியிருந்த தன் அண்ணாவோடு தங்கியிருக்கிறாராம். கடிதம் போடாததற்கு உடம்பு, கப்பல் என்று ஏதேதோ காரணம் சொன்னார். அம்மாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கேசரிக்கு ரவை வறுக்கப் போய்விட்டாள். அப்பா அவரை நாற்காலியில் உட்கார வைத்து விசிறினார்.

"நாளைக்கு நாள் நன்னாயிருக்கு. அழைச்சுண்டு போயிடறேன். இந்த வேலை கீலை எல்லாம் எங்காத்துல வழக்கமில்லை" என்றார் சித்தப்பா.

"அதுக்கென்ன, பேஷா" என்றார் அப்பா.

அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, லஸ்ஸுக்கு ஓடிப்போய்ச் சித்தியிடம் விஷயத்தைச் சொல்லச் சொன்னாள். பின்பக்கமாக வரவேண்டும், மடிசார் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டுதான் கூடத்துக்கு வரவேண்டும். அப்படியே ஒரு வார்த்தை பிசகாமல் டிராம் நிறுத்தத்தில் ஒப்பித்தேன். சித்தி அன்று சாம்பல் புடவையில் இருந்தாள். நான் எடுத்துக் கொடுத்ததுதான்.

"வேலையை விட்டுடணும்னு சொன்னாரா?" என்று சித்தி கேட்டாள். ஆமாம் என்றேன். "நான் எப்படி இருக்கேன்னு கேட்டாரா?" நான் யோசித்துப் பார்த்தேன். கேட்டதாக ஞாபகம் இல்லை. அப்படியே சொன்னேன். அவள் கொசுவத்தை நீவிக்கொண்டாள், ப்ரோச்சை நேராக்கிக்கொண்டாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்து வந்ததும் நான் பக்கவாட்டு வழிக்குத் திரும்பினேன். சித்தி வாசல் கேட்டைத் திறந்து, ஷூ காலோடு நேரே கூடத்துக்குள் போனாள்.

சித்தப்பா எழுந்து நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கடைசியில் கழுத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அதையும் கழட்டியாச்சா?" என்றார்.

அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். "ஐயோ, இல்லவே இல்லை..." என்று ஆரம்பித்தவளைச் சித்தி திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் வாய் அப்படியே நின்றது. எனக்குத் தாங்கவில்லை. சரடு அங்கேதான் இருக்கிறது, காலரில் ஒரு கொக்கியைக் கழற்றினால் போதும். சொல்ல வாயைத் திறந்தேன். சித்தியின் பிடி இறுகியது.

"இப்பத்தான் ஆபீஸ்லேர்ந்து வந்தேன். காலை அலம்பிண்டு வரேன்" என்றாள் அவரிடம், வெகு மரியாதையாக. பிறகு என்னைப் பார்த்து, "நீயும் வா, என்னைத் தொட்டுட்டே" என்றாள்.

அதில் எனக்குச் சந்தேகம் எழவில்லை. அவளைத் தொட்டால் காலில் ஒரு சொம்பு ஜலம் விடுவது வீட்டு வழக்கம். கிணற்றடியில் சித்தி ஷூவைக்கூடக் கழற்றாமல் தண்ணீர் சேந்தி என் காலில் விட்டாள். மறுபடியும் விட்டாள். குதிகாலைத் தேய்த்தாள், விரல் இடுக்குகளைத் தேய்த்தாள், முழங்கால் வரை தேய்த்தாள். உள்ளே சித்தப்பாவின் குரல் உயர்ந்தது. அப்பா சமாதானம் சொன்னார். நான் நகரப் பார்த்தேன், அவள் விடவில்லை.

"கால் சுத்தமா இருக்கு சித்தி."

"இன்னும் கொஞ்சம் இரு."

சாம்பல் புடவையின் கீழ்ப்பாதி முழுக்க நனைந்துவிட்டது. எனக்குக் குளிரில் பல் கிட்டியது. வாசலில் கேட் அறைந்து சாத்தும் சத்தமும், பின்னாலேயே அப்பா கூப்பிட்டுக்கொண்டு ஓடும் சத்தமும் கேட்டபிறகுதான் சித்தி சொம்பைக் கீழே வைத்தாள். தன் முந்தானையால் என் பாதங்களைத் துடைத்துவிட்டு, உள்ளே போகலாம் என்றாள். அன்றைக்கு என் காலில் அப்படி என்னதான் அழுக்கு இருந்தது என்று நான் வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.