சூப்பில் கிடந்த முடி

அந்த மருத்துவமனைச் சமையலறையில் அவளுக்குக் கொண்டையக்கா என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கொடுத்த வலைத்தொப்பிக்குள் அவள் கொண்டை அடங்கவில்லை. இரண்டு தொப்பிகளைச் சேர்த்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள். அன்று யாரோ வேடிக்கையாகக் கூப்பிட்டது இருபத்திரண்டு வருடமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. சூப் அண்டா அவள் பொறுப்பு. உப்பில்லாதது, உப்புக் குறைந்தது, சாதாரணம் என்று மூன்று வகை. தினமும் நானூறு கிண்ணம்.

மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. திடீர் திடீரென்று உடம்பு கொதித்தபோது அண்டாவின் மேல் பழியைப் போட்டாள். தூக்கம் வராததற்கு வயதின் மேல் போட்டாள். முடி கொட்டியதற்கு மட்டும் எதன்மேல் போடுவது என்று தெரியவில்லை. குளியலறைச் சல்லடையில், தலையணையில், துண்டில், எங்கே பார்த்தாலும் முடி. நூல் பிடித்தாற்போல் இருந்த வகிடு ஒரு விரல் அகலத்துக்கு வந்துவிட்டது. உச்சியில் கைக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்த அன்று, தன் மண்டைத்தோலின் நிறம் என்ன என்பதை முதல் தடவையாகத் தெரிந்துகொண்டாள்.

அதன் பிறகு எல்லாமே ஒளிந்துகொள்கிற வேலைதான். பேருந்தில் இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டாள். நிற்கிறவர்களுக்கு உச்சி தெரியும். லிஃப்டில் போகாமல் படியில் ஏறினாள். நரையை மறைக்கச் சாயம், வகிட்டை மறைக்கக் கறுப்புப் பொடி. தொப்பி தளர்ந்து தொங்கியதால், கணவரின் பழைய கறுப்பு சாக்ஸ் ஒன்றைச் சுருட்டி உள்ளே வைத்துக் கொண்டையாக்கினாள். "என்ன கொண்டையக்கா, வயசாக ஆக கொண்டை பெருசாயிட்டே போகுது?" என்று தட்டு அடுக்குகிறவன் கேட்டபோது அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து சாக்ஸை உருவி எறிந்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் கணவர் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வயதிலேயே அவருக்குத் தலை வெளிச்சமாகிவிட்டது. அப்போது அவரை வைத்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம், "எங்க வீட்ல கரண்ட் போனாலும் கவலையில்ல" என்று சொல்லிச் சிரித்தவள் இவள். அதை இப்போது நினைத்தால் முகம் சுட்டது.

ஒரு மருந்துக்கடையில், தெரிந்தவர்கள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, தலைக்குப் போடும் மருந்து கேட்டாள்.

"யாருக்குங்க? உங்களுக்கா?" கடைக்காரர் கடை முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டார். "லேடீஸுக்கு வேற அளவு இருக்கு, அதான் கேக்கறேன்."

"எங்க வீட்டுக்காரருக்கு."

"முதல் ஒண்ணு ரெண்டு மாசம் கூடக் கொட்டும். பயந்து நிறுத்திடாதீங்கன்னு சார்கிட்ட சொல்லுங்க."

அவர் சொன்னபடியே நடந்தது. மூன்றாவது வாரத்தில் சீப்பை எடுக்கவே கை கூசியது.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. மூன்றாவது மாடியில் அறுவைச் சிகிச்சை முடிந்து முதன்முதலாகச் சாப்பிடத் தொடங்கியிருந்த ஒரு பெரியவரின் சூப்பில் முடி கிடந்தது. அவர் வாந்தி எடுத்தார். அவர் மகன் சத்தம் போட்டார். மதியப் பரிமாறல் முடிந்ததும் சமையலறை மேனேஜர் எல்லாரையும் நிற்கவைத்தார். அவர் கையில் வெள்ளைத் துடைதாள். அதன்மேல் சுருண்டு ஒரு கறுப்பு முடி.

"இது யாரோடது?"

கொண்டையக்கா ஓர் அடி தள்ளித்தான் நின்றாள். முடியின் ஒரு முனையில், அரிசி நீளத்துக்கு, வெள்ளை தெரிந்தது. சாயம் போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. மேனேஜர் கண்ணாடி போடவில்லை.

"இவ்ளோ நீள முடி இங்க வேற யாருக்கு இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே அவர், இருபத்திரண்டு வருடமாகப் புகாரே வராத கொண்டையக்காவைத் தாண்டி, ரொட்டி வெட்டுகிறவள் பக்கம் திரும்பினார்.

ரொட்டி வெட்டுகிறவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு பெண்பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள். இடுப்புக்குக் கீழே இறங்கும் பின்னல். அதை மடித்து மடித்து வலைக்குள் திணித்து, கழுத்து வலிக்கிறது என்று தினமும் புலம்புவாள். கொண்டையக்காவை "அக்கா, அக்கா" என்று சுற்றி வருகிறவள்; வீட்டிலிருந்து எது கொண்டுவந்தாலும் முதல் பங்கு அக்காவுக்குத்தான்.

"சார், நான் சூப் பக்கமே போகல சார். காலையிலேருந்து அந்தக் கடைசி மேஜையிலதான் நிக்கிறேன். அக்காவைக் கேளுங்க."

மேனேஜர் கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா. இவ நெட் சரியா போட்டிருந்தாளா?"

உண்மையைச் சொல்வதென்றால் தொப்பியைக் கழற்ற வேண்டும். பதினோரு பேர் நின்றிருந்தார்கள். அவளுக்கு உச்சியிலிருந்து வியர்த்தது; கறுப்புப் பொடி கரைந்து நெற்றிக்கு வருகிறதோ என்று பயந்து புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"காலையில... கொஞ்சம் வெளிய தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

ரொட்டி வெட்டுகிறவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்கிற சந்தேகம் இருந்தது. கை தானாகப் போய்ப் பின்னங்கழுத்தைத் தடவியது. "அப்படியாக்கா? எனக்குத் தெரியவே இல்லையே" என்றாள்.

அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. ஒரு மாதம் பாத்திரம் கழுவும் இடத்தில் வேலை. இன்னொரு தடவை என்றால் வீட்டுக்கு.

நான்காம் நாள் ரொட்டி வெட்டுகிறவள் காதுவரை வெட்டிய முடியோடு வந்தாள்.

"வேலையா முடியான்னு பாத்தேன்" என்றாள், எல்லாருக்கும் பொதுவாக. "சின்னவதான் அழுதா. ராத்திரி அதைப் பிடிச்சிக்கிட்டுத்தான் தூங்குவா." பிறகு கொண்டையக்காவைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். "கழுத்து வலி போயிடும்ல அக்கா?"

கொண்டையக்கா துணி மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தலை வெளியே தெரிந்துவிடுமே என்று கூசியவளுக்கு, இப்போது முழு உடம்பையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அன்று மாலை வீட்டில் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த கணவர், "இந்த ஒத்தை சாக்ஸுக்கு ஜோடி எங்க போச்சுன்னு ரெண்டு மாசமா தேடறேன்" என்றார். அவள் உடைந்துவிட்டாள். மருந்து, பொடி, சாக்ஸ் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "எனக்குத் தெரியும்டி. சல்லடையை யார் சுத்தம் பண்றான்னு நெனச்சே? நீயா சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார். அவருக்குத் தெரியும் என்பதில் அவளுக்கு ஒரு நிமிடம் மூச்சு இலகுவானது. அதே மூச்சில் சூப் விஷயத்தையும் சொல்லிவிட்டாள்.

அவர் கை நின்றது. "அந்தப் பொண்ணு மேலயா சொன்னே?"

"ஆமா."

"நீயா?"

அவர் மடித்த துணிகளை அலமாரியில் வைத்துவிட்டு முன்னறைக்குப் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மறுநாள் காலை, வேலை தொடங்குமுன் மேனேஜர் அறைக்குப் போனாள். சொல்ல வந்ததை வரிசையாக யோசித்து வைத்திருந்தாள். அதில் ஒன்றையும் தொடங்காமல், சட்டென்று தொப்பியைக் கழற்றினாள். சாக்ஸ் உருண்டு மேஜையில் விழுந்தது. மேனேஜர் பதறிப்போய்க் கணினித் திரையைப் பார்த்தார்.

"என்னம்மா இது? போடுங்க, முதல்ல தொப்பியைப் போடுங்க."

"பாருங்க சார். அந்த முடி என்னோடது. வேர்ல வெள்ளை இருக்கும்."

புகார்க் கோப்பில் அதை ஒட்டி வைத்திருந்தார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் வெகுநேரம் பார்த்தார். "அன்னிக்கே ஏம்மா சொல்லல?" என்றார்.

"வெக்கமா இருந்துச்சு சார்."

"இதுக்கா?" என்று தன் தலையைத் தொட்டுக் காட்டினார். அவருக்கும் முன்பக்கம் ஏறித்தான் இருந்தது. அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை என்பது அந்தத் தொடுகையிலேயே தெரிந்தது.

கடிதத்தில் பெயர் மாறியது. பாத்திரம் கழுவுகிற வேலையும் கொண்டையக்காவுக்கு மாறியது. மேனேஜர் எல்லார் முன்னாலும் அறிவித்தபோது அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டு அடுக்குகிறவன் தன் பழைய வேடிக்கையை நினைத்தானோ என்னவோ, அவனும் தரையைத்தான் பார்த்தான்.

ரொட்டி வெட்டுகிறவள் தன் ஏப்ரனை அவிழ்த்துக் கொடுக்கப் பாத்திரம் கழுவும் தொட்டியருகே வந்தாள்.

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டீங்க. என்கிட்ட இன்னும் சொல்லல" என்றாள்.

"நான்தான். தெரிஞ்சேதான் சொன்னேன். உன் நெட் சரியாத்தான் இருந்துச்சு."

"ரெண்டு நாளா கண்ணாடி முன்னாடி நெட்டைப் போட்டுப் போட்டுப் பாத்தேன், எப்படி வெளிய வந்திருக்கும்னு. முடி வளந்துடும். என்னை நானே சந்தேகப்பட்டேன் பாருங்க, அதான் ஆறமாட்டேங்குது." ஈர ஏப்ரனைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள்.

கழுவுமிடத்தில் அந்த மாதம் முழுக்க நீராவியில் பொடி நிற்கவில்லை. பொடியை விட்டாள், சாயத்தையும் பிறகு விட்டாள். மருத்துவமனையிலேயே இருந்த மகளிர் மருத்துவரிடம் போக அவளுக்கு இன்னும் மூன்று வாரம் பிடித்தது. வரிசையில் சமையலறை ஆட்கள் பார்த்துவிடுவார்களோ என்று இரண்டு தடவை திரும்பி வந்தாள். மருத்துவர் தைராய்டும் இரும்புச்சத்தும் பார்த்தார், இரும்பு குறைந்திருந்தது.

"மாதவிடாய் நின்ன நிறைய பேருக்கு இப்படி ஆகும்மா. யாரும் வெளிய சொல்றதில்ல" என்றார். "மருந்தை நிறுத்தாதீங்க, நாலஞ்சு மாசம் ஆகும். பழைய முடி அப்படியே வரும்னு நான் சொல்ல மாட்டேன். இருக்கறதைக் காப்பாத்தலாம், கொஞ்சம் அடர்த்தியாகலாம்."

"இது முழுசாப் போயிடுமோன்னு பயமா இருக்கு."

"போகாது."

ஐந்து மாதத்தில் கொட்டுவது குறைந்தது. வகிடு அப்படியேதான் இருந்தது. நரையோடு தோள்வரை வெட்டிக்கொண்டாள். சமையலறையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அண்டா மறுபடி அவள் கைக்கு வந்தது. முடி விஷயத்தில் அவள் கூச்சம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. ஒருநாள் வெயிலில் தொப்பி இல்லாமல் வாசலில் நின்று தேநீர் குடித்தாள். பொய் சொன்ன கூச்சம் மட்டும் தேயவில்லை.

ரொட்டி வெட்டுகிறவள் அவளோடு முகம் கொடுத்துத்தான் பேசுகிறாள். "சூப் ரெடியா?", "தட்டு அனுப்பலாமா?" எல்லாம் மரியாதையாக, நீங்க வாங்க என்று. ஆனால் "அக்கா" என்ற சொல் மட்டும் அன்றிலிருந்து அவள் வாயில் வரவில்லை. கொண்டையக்கா அதைக் கேட்டு வாங்க முடியாது, கேட்கவும் இல்லை.

போன வாரம் ரொட்டி வெட்டுகிறவளின் சின்ன மகளுக்குக் காய்ச்சல். விடுப்பு கேட்டு நின்றபோது ஆள் இல்லை என்றார் மேனேஜர். "நான் பாத்துக்கறேன் சார், சூப்பு ரொட்டி ரெண்டும்" என்று கொண்டையக்கா சொன்னாள்.

ரொட்டி வெட்டுகிறவள் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். பிறகு நின்று திரும்பினாள்.

"கத்தியை நேத்துதான் சாணை பிடிச்சிருக்கு. பாத்து."

"சரி" என்றாள் கொண்டையக்கா. ரொட்டியைப் பலகையில் எடுத்து வைத்து, முதல் துண்டை மெதுவாக வெட்டினாள்.