நல்ல லென்ஸ் வரட்டும்

கேமரா விற்கிறவன் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் இரண்டு முகங்களைப் பார்ப்பான்: பெட்டியை வாங்கிக்கொண்டு போகும்போது ஒன்று, மறுநாள் காலையில் அதே பெட்டியோடு படியேறி வரும்போது ஒன்று.

நாளிதழில் செய்தியாளனாகப் பல வருடம் ஓடிவிட்டு, சிவகாசி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கேமரா கடை போட்டவன் நான். ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்துகொண்டிருந்த நேரம். எவ்வளவு மெகாபிக்சல் என்று கேட்காமல் யாரும் கடைக்குள் செருப்பைக்கூடக் கழற்றமாட்டார்கள். நீங்களும் ஒன்றை வாங்கிவிட்டு, வாங்காததை நினைத்துத் தூக்கம் கெட்டவராக இருந்தால், இவர்களெல்லாம் உங்களுக்குச் சொந்தக்காரர்கள்தான்.

மறுநாள் காலை

காலண்டர் கம்பெனி மேனேஜர் ஒருவர். மாலையில் வந்து, பத்து நிமிடத்தில் பிடித்த கேமராவைச் சந்தோஷமாக வாங்கிப் போனார். நேரே வீட்டுக்குப் போயிருந்தால் சந்தோஷம் நீடித்திருக்கும். வழியில் ப்ரவுசிங் சென்டரில் ஏறி, தான் வாங்கியதைப் பற்றி உலகம் என்ன சொல்கிறது என்று பார்த்திருக்கிறார். உலகம் அதைவிட நல்லது ஒன்று இருப்பதாகச் சொல்லியிருந்தது.

மறுநாள் கடை திறக்குமுன் வாசலில் நின்றார். முகத்தில் துக்க வீட்டுக் களை. படங்கள் எப்படி வந்தன என்று கேட்டேன். இன்னும் ஒன்றுகூட எடுக்கவில்லையாம். மாற்றித் தர முடியாது என்று புரியவைத்து அனுப்ப நெடுநேரம் ஆனது. அவர் தலை மறைந்ததும், என்னோடு கவுண்டரில் நிற்கும் மைதீன் சொன்னான்: "ஊருல எல்லாரும் சாதகம் பாத்துட்டுத் தாலி கட்டுவாக அண்ணாச்சி. இவுக தாலி கட்டிட்டுல்லா சாதகம் பாக்கப் போறாக."

அத்தாட்சி

செல்வம் அப்படிப்பட்டவன் இல்லை. வாங்குவதற்கு முன்னும் படிப்பான், பின்னும் படிப்பான். நாரணாபுரத்துப் பையன். ஆஃப்செட் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டி லேபிளுக்கு டிசைன் போடும் வேலை. அவனுடைய அப்பா கருப்பசாமி பட்டாசு ஆபீஸில் லோடு ஏற்றுகிறவர். எங்கள் பக்கம் ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அம்மா பேச்சியம்மாள் தீப்பெட்டி ஆபீஸ்.

முதல் கேமரா வாங்க வந்தபோது அம்மாவையும் கூட்டி வந்திருந்தான். சட்டைப்பையில் அடங்குகிற சின்னக் கேமரா. அவன் மெனுவைத் திருகிக்கொண்டிருக்க, பேச்சியம்மாள் கண்ணாடி அலமாரியில் மாட்டியிருந்த மாதிரிப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ ஒரு கணவன் மனைவி, தோளோடு தோளாக.

"எங்க கலியாணத்துக்குப் போட்டோக்காரர் கெடையாதுய்யா," என்றார் என்னிடம். "ரேசன் கார்டுல அவுக தனியா இருக்காக. ஓட்டுக் கார்டுல நான் தனியா இருக்கேன். முப்பது வருசமா ஒரே வீட்டுல கெடக்கோம்ங்கறதுக்கு ஒரு அத்தாச்சி வேண்டாமா?"

செங்கல் சுவர்

இரண்டு மாதம் கழித்து செல்வம் வந்தான். கையில் கேமரா, இன்னொரு கையில் இணையத்திலிருந்து அச்செடுத்த தாள்கள். கணினியில் படங்களைப் போட்டுக் காட்டினான். அச்சகத்துக் காம்பவுண்டுச் சுவர். அதே சுவர், கொஞ்சம் தள்ளி. அதே சுவர், சாயங்கால வெயிலில். ஏதோ ஒரு தளத்தில் யாரோ ஒருவர் லென்ஸைச் சோதிக்கச் செங்கல் சுவரை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அப்படி எடுத்ததில் இடதுபக்க மூலைச் செங்கல் மட்டும் மங்கலாக இருந்தது. எனக்குத் தெரியவில்லை. பெரிதாக்கிக் காட்டினான். அப்போதும் தெரியவில்லை. தெரிகிறது என்று சொல்லிவைத்தேன்.

சின்னக் கேமராவைப் பழைய விலைக்குத் தள்ளிவிட்டு, லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமரா வேண்டும் என்றான். எடுத்துக் கொடுத்துக்கொண்டே, அம்மா அப்பாவை எடுத்தாயா என்று கேட்டேன். நான் ஏதோ கூடாததைச் சொல்லிவிட்டதுபோல் பார்த்தான்.

"இதுலயா? ஏன் அண்ணாச்சி, அம்மா படத்த எடுத்து வீணாக்கவா? நல்ல லென்ஸு வரட்டும்."

வாசலில் நின்ற ஃப்ளாஷ்

அப்பா வேலை பார்க்கும் ஆபீஸின் விலைப்பட்டியல் அச்சிடும் ஆர்டர் செல்வத்தின் அச்சகத்துக்கு வந்தது. படங்களை நானே எடுத்துத் தருகிறேன் என்று அச்சக முதலாளியிடம் சொல்லிவிட்டான். அதற்காக ஒரு பெரிய ஃப்ளாஷ் வாங்கினான். அதைப் பற்றி எங்கோ குளிர் தேசத்தில் இருக்கும் ஒருவர் எழுதியிருந்ததை வரி வரியாகச் சொன்னான். இருட்டு அறையைப் பகலாக்குமாம்.

புது ஃப்ளாஷைப் பழக்கிக் கொடுக்க நானும் கூடப் போனேன். நாரணாபுரத்தில் பிறந்தவன், பட்டாசு ஆபீஸ் வாசலில் செல்போனையும் பீடியையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவார்கள் என்பது தெரியாதவனா? தெரியும். ஆனால் ஃப்ளாஷைப் பற்றிப் படித்த மூன்று வாரத்தில் அது அவன் நினைவுக்கே வரவில்லை. வாட்ச்மேன் பையைத் திறந்து, பேட்டரி நிரம்பிய அந்தக் கறுப்புச் சாமானைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். வெப்சைட்டில் படித்ததையெல்லாம் செல்வம் அவரிடமும் ஒப்பித்துப் பார்த்தான். பொறி கிளம்பக்கூடிய எதற்கும் உள்ளே இடமில்லை.

லோடு ஏற்றிக்கொண்டிருந்த கருப்பசாமி வேர்வையைத் துடைத்தபடி வந்தார். ஆபீஸ் அறைக்குச் சொல்லி, வெடிமருந்து அடைக்காத மாதிரிப் பெட்டிகளை வாங்கி வந்து, ரோட்டோரத்து வேப்பமரத்தடியில் ஒவ்வொன்றாக அடுக்கிக் கொடுத்தார். வெயிலிலேயே எல்லாப் படங்களும் நன்றாக வந்தன. ஃப்ளாஷ் பையைவிட்டு வெளியே வரவில்லை. கிளம்பும்போது வாட்ச்மேன் கேட்டார்: "தம்பி, அத வாங்கச் சொன்னாரே அந்த வெப்சைட்டுக்காரரு, அவரு எந்த ஆபீசுல வேல பாக்காரு?"

திரையில் ஒட்டிய தாள்

செல்வம் ஒருவனையே சொல்லிக்கொண்டிருந்தால் பாவம். சாத்தூரிலிருந்து ஒரு வாத்தியார் வருவார். கேமராத் திரைமேல் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் தாளை ஒரு வருடமாகக் கிழிக்கவில்லை. அடுத்த மாடல் வந்ததும் இதைத் தள்ளிவிட வேண்டுமாம். சுற்றுலாவுக்குக்கூட எடுத்துப் போகவில்லையா என்று கேட்டதற்குச் சொன்னார்: "கொண்டுபோனேன் சார். பெட்டிய விட்டு வெளிய எடுக்கல."

பேப்பர் பிடித்தவர்

பிறகு செல்வத்துக்கு ஒரு லென்ஸ் மோகம் வந்தது. முன்னால் இருப்பதைத் துல்லியமாகக் காட்டி, பின்னால் இருப்பதையெல்லாம் புகையாகக் கரைத்துவிடும் லென்ஸ். இணையத்தில் எல்லோரும் அதைத்தான் கொண்டாடினார்கள். சென்னையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனைப் படத்தோடு வந்தான். திரை முழுக்க நாளிதழின் ஒரு பக்கம். நான் வேலை பார்த்த பேப்பர்தான். வரி விளம்பரங்களின் பொடி எழுத்துகூட ஊசியால் குத்தியதுபோல் நின்றது. மேல் ஓரத்தில், பேப்பருக்குப் பின்னால், பழுப்பு நிறத்தில் ஏதோ கலங்கித் தெரிந்தது. தலை மாதிரியும் இருந்தது, பானை மாதிரியும் இருந்தது.

"எழுத்தப் பாத்தீகளா அண்ணாச்சி, எப்படி நிக்குதுன்னு!" என்றான்.

"பின்னால யாருலே?" என்று மைதீன் கேட்டான்.

"அது அப்பா. பேப்பரச் சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொன்னேன்."

பொருட்காட்சி

பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகரில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். அது முடிந்த வாரம் பேச்சியம்மாள் கடைக்கு வந்தார், செல்வமும் பின்னால் வந்தான். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு படத்தை எடுத்து கவுண்டரில் வைத்து, கண்ணாடிச் சட்டம் போட வேண்டும் என்றார். ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாலில், அட்டையில் வரைந்த பிறை நிலா மேல் உட்காரவைத்து உடனே எடுத்துக் கொடுத்தது. பிறையில் அவரும் கருப்பசாமியும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

செல்வம் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். முதல் தடவையாகப் பார்க்கிறான் என்று தெரிந்தது. நிலா சாய்ந்திருந்தது. பின்னால் தொங்கிய திரையில் ஃப்ளாஷ் போட்ட நிழல். பேச்சியம்மாள் கண்கள் இரண்டும் சிவப்பு. கருப்பசாமி கேமராவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் திரும்பி, வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்குப் பல் தெரியச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"நாந்தான் எடுக்கேன்னு சொன்னேன்லாம்மா," என்றான்.

"சொன்ன. லென்ஸு வரட்டும்ன. அது எப்ப வந்துச்சு, எப்பப் போச்சுன்னு எனக்கு என்ன தெரியும்? அவுகளுக்கு அன்னைக்கு லீவு. போயிட்டு வந்துட்டோம்."

படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், "கண்ணு செவந்திருக்கும்மா. குடு, கம்ப்யூட்டர்ல சரி பண்ணித் தாரேன்," என்றான்.

பேச்சியம்மாள் படத்தை அவன் கையிலிருந்து வாங்கி என்னிடம் தந்தார். "என் கண்ணு செவந்தா செவந்துட்டுப் போகட்டும்லே. அவுக என்னையப் பாத்துச் சிரிக்காக, அது படத்துல விழுந்திருக்குல்லா. அதுல போயிக் கைய வச்சிராத."

கேமரா விற்றுப் பிழைத்த இத்தனை வருடத்தில் என் கவுண்டருக்கு வந்த மிக நல்ல படத்துக்கு நான் விற்க முடிந்தது சட்டம் ஒன்றுதான்.